அனுப்புவோரும் செல்வோரும்: மறைபரப்புப் பணி யாருடையது?

மறைபரப்புப் பணி, அதாவது கிறிஸ்துவின் நற்செய்தியைப் பிறருக்கு அறிவிக்கும் பணி, அருள்பணியாளர்களும் துறவியரும் செய்ய வேண்டிய வேலைதானே? குடும்பம், பிழைப்பு என்று இருக்கும் பொதுநிலையினர் ஆண்டுக்கு ஒருமுறை காணிக்கை கொடுப்பதைத் தவிர அதில் என்ன செய்துவிட முடியும்? 'இறைமக்கள் அனைவரும் மறைபரப்பாளர்களே' என்பது மேடையில் மரியாதைக்குச் சொல்லும் பேச்சுதானே? கேள்வி இவ்வளவுதான். ஆனால் இதற்குச் சுருக்கமாக விடை சொன்னால் அதுவும் மேடைப் பேச்சாகவே ஒலிக்கும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதலில் சட்டமும் போதனையும் என்ன சொல்கின்றன என்பதைப் பார்த்துவிடலாம். 1965 டிசம்பர் 7 அன்று கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட மறைபரப்புப் பணி பற்றிய ஆணைமடலின் 2ஆம் எண், திருஅவை, அதாவது நம்பிக்கையாளர் சமூகம், தன் இயல்பிலேயே மறைபரப்பும் தன்மை கொண்டது என்கிறது. பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே ஏட்டின் 37ஆம் எண்தான் இந்தக் கேள்விக்கு நேரான விடை: இறைமக்கள் தனித்தனி ஆட்களாக அல்ல, ஓர் ஆயரின் (பிஷப்பின்) கீழுள்ள மறைமாவட்டம், அதனுள் ஓர் ஆலயத்தைச் சார்ந்த பங்கு என்னும் சமூகங்களாக வாழ்கிறார்கள், ஆகவே கிறிஸ்துவுக்குச் சான்று பகரும் கடமை அந்தச் சமூகங்களுக்கும் உரியது என்று அது கூறுகிறது. 1983ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பும் 781ஆம் விதியில் இதையே சட்டமாக்கி, நற்செய்தி அறிவிப்பை இறைமக்களின் அடிப்படைக் கடமை என்று வைத்திருக்கிறது. கடமை என்று சட்டம் சொல்வதை மரியாதைப் பேச்சு என்று ஒதுக்க முடியாது.

இது சங்கம் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 13ஆம் அதிகாரத்தில், அந்தியோக்கியாவில் இருந்த திருஅவை நோன்பிருந்து இறைவேண்டல் செய்துகொண்டிருந்தபோது, பர்னபாவையும் சவுலையும் (பின்னர் பவுல் எனப்பட்டவர்) ஒரு பணிக்கென ஒதுக்கிவையுங்கள் என்று தூய ஆவியார் சொல்ல, அவர்கள் மேல் கைகளை வைத்து அனுப்புகிறார்கள். அந்தப் பயணம் பவுலின் சொந்த முயற்சியாகத் தொடங்கவில்லை. பயணம் முடிந்ததும் என்ன நடந்தது என்பதைப் படிக்கிறவர்கள் குறைவு: 14ஆம் அதிகாரத்தின் இறுதியில் இருவரும் அந்தியோக்கியாவுக்குத் திரும்பி, திருஅவையைக் கூட்டி, நடந்த அனைத்தையும் அறிவிக்கிறார்கள். அனுப்பியவர்களுக்குக் கணக்கு ஒப்புவிக்கும் பழக்கம் அன்றே இருந்தது.

பிலிப்பி நகரத்துத் திருஅவையின் கதை இன்னும் நெருக்கமானது. பவுல் சிறையில் இருந்தபோது அவர்கள் பொருளுதவியை மட்டும் அனுப்பவில்லை. தங்களுள் ஒருவரான எப்பப்பிரோதித்துவையும் அவருக்குத் துணையாக அனுப்பினார்கள். போன இடத்தில் அவர் சாகும் அளவுக்கு நோயுற்றார். அந்தச் செய்தி பிலிப்பிக்கு எட்டியது, ஊரார் கலங்கினார்கள், தன்னைப் பற்றி ஊரார் கலங்குகிறார்களே என்று அவரும் கலங்கினார். இறுதியில் பவுல் அவரைத் திருப்பி அனுப்பி, ஆண்டவருக்குள் மகிழ்வோடு ஏற்றுக்கொள்ளுங்கள், இத்தகையோருக்கு மதிப்புக் கொடுங்கள் என்று எழுதினார். பணம், ஆள், செய்தி, கவலை, திரும்பி வரும்போது வரவேற்பு ஆகிய அனைத்தும் அந்தச் சிறு கடிதத்தில் இருக்கின்றன. பிற்காலத்தில் மறைபரப்புப் பணியில் எங்கெல்லாம் குறை நேர்ந்ததோ, அங்கெல்லாம் இவற்றுள் ஏதோ ஒன்று விடுபட்டிருந்தது என்பது என் கணிப்பு.

அப்படியானால், தனியாகக் கப்பலேறிச் செல்லும் வீரத் துறவி என்ற படம் நம் மனத்தில் எப்படி வந்து உட்கார்ந்தது? பதினாறாம் நூற்றாண்டில் மறைபரப்பாளர்களை அனுப்பும் செலவைப் பெரும்பாலும் போர்த்துகல், ஸ்பெயின் அரசர்களே ஏற்றார்கள். அதற்கு ஈடாக ஆயர்களைப் பரிந்துரைக்கும் உரிமையும் அவர்களிடமே இருந்தது. அரச கருவூலம் பணம் தந்தது, துறவற சபைகள் ஆள் தந்தன. ஊர்ப் பங்கில் இருந்த குடியானவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. 1622இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி நம்பிக்கை பரப்புதலுக்கான பேராயத்தை (உரோமைத் தலைமையகத்தின் ஒரு துறை) நிறுவியதன் நோக்கங்களுள் ஒன்று, இந்தப் பணியை அரசர்களின் பிடியிலிருந்து மீட்பதுதான். ஆயினும் பணத்துக்கு மாற்று வழி உடனே கிடைக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியும் அதன் பின்னான போர்களும் துறவற சபைகளைக் கலைத்து, சொத்துகளைப் பறித்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது.

அந்த இடைவெளியில்தான், அரசரும் அல்லாத ஆயரும் அல்லாத ஓர் இளம்பெண் வருகிறார். பவுலின் ஜாரிக்கோ 1799இல் பிரான்சின் லியோன் நகரில் பட்டு வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். குருவாவதற்காகப் பாரிசில் படித்துக்கொண்டிருந்த அவருடைய அண்ணன், பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையின் வறுமையைப் பற்றி அவருக்கு எழுதினார். ஜாரிக்கோ செல்வர்களைத் தேடிப் போகவில்லை; பட்டுத் தொழிலகங்களில் வேலை செய்த பெண்களிடம் போனார். ஒருவர் வாரத்துக்கு ஒரு சூ தர வேண்டும். சூ என்பது ஒரு பிராங்கில் இருபதில் ஒரு பங்கு, அதாவது மிகச் சிறிய காசு. இப்படித் தருபவர் பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பு. அத்தகைய பொறுப்பாளர் பத்துப் பேருக்கு மேல் ஒருவர், அதாவது நூறு பேருக்கு ஒருவர். அதற்கும் மேல் ஆயிரம் பேருக்கு ஒருவர். ஆயிரம் பேர் சேர்ந்தால் வாரம் ஐம்பது பிராங்க் தேறும்.

இதைக் காசு சேர்க்கும் கெட்டிக்கார உத்தி என்று மட்டும் பார்ப்பது பிழை. பத்துப் பேர் கொண்ட குழு என்பதால் யார் தரவில்லை, யார் நோயுற்றிருக்கிறார் என்பது பொறுப்பாளருக்குத் தெரியும். அவர்கள் ஒருவரையொருவர் வாரந்தோறும் சந்தித்தார்கள். மறைபரப்பாளர்களிடமிருந்து வந்த கடிதங்கள் அச்சிடப்பட்டு அந்தக் குழுக்களுக்குள் கைமாறின. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தங்கள் காசு எங்கே போகிறது என்பது தெரிந்திருந்தது. எந்த ஒரு பெரிய கொடையாளரும் இல்லாததால் எந்த ஒருவரும் இதைத் தன் விருப்பப்படி திருப்பவும் முடியவில்லை.

1822 மே 3 அன்று லியோனில் கூடிய கூட்டத்தில் நம்பிக்கை பரப்புதல் கழகம் முறைப்படி உருவானது. அப்போது அங்கே வட அமெரிக்காவின் லூயிசியானா மறைமாவட்டத்துக்கு மட்டும் உதவி திரட்டும் எண்ணத்தோடு ஒரு முயற்சி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அவரவர் தமக்குத் தெரிந்த ஆயருக்கு உதவுவதுதானே எளிது? ஆனால் கூட்டம் வேறு முடிவெடுத்தது: திரட்டுவது ஏதோ ஒரு நாட்டுக்கு அல்ல, உலகம் முழுவதிலும் உள்ள மறைபரப்புத் தளங்களுக்கு. அந்த ஒரு தீர்மானம் இல்லாவிட்டால் இந்தக் கழகமும் அந்தக் காலத்து நூற்றுக்கணக்கான அறப்பணிச் சங்கங்களுள் ஒன்றாகத் தோன்றி மறைந்திருக்கும். (ஜாரிக்கோ பிற்காலத்தில் தொழிலாளர் நலனுக்காக முதலீடு செய்த பணத்தை ஏமாற்றுக்காரர்களிடம் இழந்து, 1862இல் வறியவராகவே இறந்தார். 2022 மே 22 அன்று லியோனிலேயே, புனிதர் நிலைக்கு முந்திய நிலையான அருளாளராக உயர்த்தப்பட்டார்.)

இதே வழியில் பிற கழகங்களும் பிறந்தன. நான்சி மறைமாவட்ட ஆயர் ஃபோர்பின் ஜான்சன் 1843இல் சிறுவர்களுக்காகத் திருக்குழந்தைமைக் கழகத்தைத் தொடங்கினார். நாளுக்கு ஒரு மங்கள வார்த்தை செபம், மாதத்துக்கு ஒரு சூ, அவ்வளவே நிபந்தனை. 1889இல் ஸ்டெஃபனி பிகார், அவர் மகள் ஜீன் பிகார் என்னும் இருவரும் திருத்தூதர் பேதுரு கழகத்தைத் தொடங்கினார்கள். அதற்குத் தூண்டுதல் ஜப்பானின் நாகசாகியிலிருந்து வந்த ஆயரின் கடிதம்: குருவாக விரும்பும் இளைஞர்கள் இருக்கிறார்கள், படிக்கவைக்கப் பணமில்லாததால் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். அருளாளர் பவோலோ மான்னா 1916இல் தொடங்கிய நான்காவது கழகம் பணமே திரட்டுவதில்லை. அருள்பணியாளர்களுக்கும் துறவியருக்கும் மறைபரப்பு உணர்வை ஊட்டுவதே அதன் வேலை. பங்குத்தந்தைக்கே அக்கறை இல்லாவிட்டால் பங்கு மக்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது என்பதை அவர் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்.

1922இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் நம்பிக்கை பரப்புதல் கழகத்தின் தலைமையிடத்தை உரோமைக்கு மாற்றி அதைத் திருத்தந்தைக்குரிய கழகமாக்கினார். 1926இல் அக்டோபர் மாதத்தின் கடைசிக்கு முந்திய ஞாயிறு மறைபரப்பு ஞாயிறாக ஏற்படுத்தப்பட்டது. அன்று திரளும் காணிக்கை எங்கே போகிறது என்பது பலருக்கும் தெரியாததால் ஒரு வார்த்தை: அது பங்கிலோ மறைமாவட்டத்திலோ தங்காமல் ஒரு பொது நிதியில் சேர்கிறது, பல நாடுகளின் தேசிய இயக்குநர்கள் ஆண்டுதோறும் கூடி, மறைமாவட்டங்களிலிருந்து வந்த விண்ணப்பங்களைப் பார்த்து அதைப் பங்கிட ஒப்புதல் தருகிறார்கள். வறிய மறைமாவட்டங்களும் இந்த நிதிக்குத் தருகின்றன என்பதே இதன் சிறப்பு. 'நான் கட்டிக்கொடுத்த ஆலயம்' என்று யாரும் சொல்லிக்கொள்ள வழியில்லாதபடி பணம் பெயரிழந்து கலக்கிறது. தனக்குத் தெரிந்த ஒரு தளத்துக்கு நேரடியாக உதவுவதை நான் குறை சொல்லவில்லை; ஆனால் அந்த வழியில் நல்ல புகைப்படங்கள் அனுப்பத் தெரிந்த இடங்களுக்கே உதவி மேலும் மேலும் போய்ச் சேரும் என்பதை மறக்கக் கூடாது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் அனுப்புவோரின் பக்கம். கேள்வியின் மறுபக்கம் இன்னும் முக்கியமானது: பெறுகின்ற சமூகம் என்ன செய்கிறது? அது சும்மா கையேந்தி நிற்கும் கூட்டமா?

கொரியத் திருஅவை இதற்கு மறுக்க முடியாத விடை. அங்கே மறைபரப்பாளர் எவரும் போய் அதைத் தொடங்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சீனத்திலிருந்து வந்த கத்தோலிக்க நூல்களை அறிஞர்கள் சிலர் கூடிப் படித்து விவாதித்தார்கள். அவர்களுள் ஒருவரான யி பியோக்கின் தூண்டுதலால், அரசத் தூதுக் குழுவோடு பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) சென்ற யி சுங்-ஹுன் 1784இல் அங்கே திருமுழுக்குப் பெற்றுத் திரும்பினார். வந்து தோழர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். குருக்கள் இல்லாத அந்தக் குழு, அறியாமையால், தங்களுக்குள்ளேயே சிலரைக் குருக்களாக நியமித்து பாவமன்னிப்பு வழங்கும் ஒப்புரவும் திருப்பலியும் நடத்தத் தொடங்கியது. பிறகு அவர்களுக்கே ஐயம் வந்தது. பீக்கிங் ஆயருக்குக் கடிதம் அனுப்பினார்கள். கூடாது என்று விடை வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். தாமாகத் தொடங்கத் துணிந்தவர்கள், திருத்தப்பட்டபோது பணிந்தார்கள். அதோடு நில்லாமல் எங்களுக்கு ஒரு குருவை அனுப்புங்கள் என்று விடாமல் கேட்டார்கள்.

சீனக் குரு ஜூ வென்மோ 1794இன் இறுதியில் எல்லை கடந்து வந்தபோது அங்கே ஏற்கெனவே ஏறத்தாழ 4,000 நம்பிக்கையாளர்கள் இருந்தார்கள். அவரை ஆண்டுக்கணக்கில் தம் வீட்டில் மறைத்து வைத்தவர் காங் வான்-சுக் என்னும் பெண்மணி. உயர்குடிப் பெண் ஒருவரின் வீட்டுக்குள் காவலர் எளிதில் நுழைய முடியாது என்ற நாட்டு வழக்கத்தையே அவர் குருவுக்குக் காப்பாக்கினார். பெண்களுக்கு மறைக்கல்வி அளிக்கும் பொறுப்பும் அவரிடமே இருந்தது. 1801இல் இருவருமே கொல்லப்பட்டனர். முதலில் திருமுழுக்குப் பெற்ற யி சுங்-ஹுன், துன்பம் வந்தபோது ஒன்றுக்கு மேற்பட்ட முறை நம்பிக்கையை மறுதலித்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தொடங்கியவர் தடுமாறியும் தொடங்கப்பட்டது நின்றது. ஏனென்றால் அது அதற்குள் ஒருவருடையதாக இல்லை. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மீண்டும் குரு இல்லாமலே அவர்கள் தாக்குப்பிடித்து, 1820களில் திருத்தந்தைக்கே கடிதம் எழுதினார்கள். 1831இல் கொரியாவுக்கெனத் தனி மறைமாவட்டப் பகுதி ஏற்படுத்தப்பட்டு, பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஜப்பானில் 1614இல் கிறிஸ்தவம் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. எஞ்சியிருந்த கடைசிக் குரு 1644இல் கொல்லப்பட்டார். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் புதிதாகக் கட்டப்பட்ட ஓவுரா ஆலயத்துக்கு உராகாமி என்னும் ஊரைச் சேர்ந்த சிலர் வந்து, பிரெஞ்சுக் குரு பெத்திஜானிடம் தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் சொல்லி, மரியன்னையின் திருவுருவம் எங்கே என்று கேட்டார்கள். இந்தக் காட்சியைப் பலரும் புதுமை என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிட வியப்பாக இருப்பது அதன் பின்னால் இருந்த ஏற்பாடு. ஒவ்வொரு குழுவிலும் திருவழிபாட்டு நாள்காட்டியைக் கணித்துக் காப்பவர் ஒருவர். திருமுழுக்குக் கொடுப்பவர் ஒருவர். வீடு வீடாகச் செய்தி கொண்டுபோகிறவர் ஒருவர். எழுதிய நூல்களை வைத்திருப்பதே ஆபத்து என்ற நிலையில் செபங்கள் மனப்பாடமாகவே தலைமுறை தாண்டின. துன்புறுத்தல் தொடங்குவதற்கு முன்பே மறைபரப்பாளர்கள் அங்கே பொதுநிலையினரின் பக்த சபைகளை நிறுவி, நோயாளரைப் பார்ப்பது, இறந்தோரை அடக்கம் செய்வது, செபம் நடத்துவது ஆகியவற்றை அவர்களிடமே விட்டிருந்தார்கள்; குருக்கள் போன பிறகு எஞ்சிய எலும்புக்கூடு அதுதான். தேவை நேரும்போது தகுந்த எண்ணத்தோடு எவரும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்ற திருஅவையின் பழைய விதி அவர்களுக்குத் துணையாக நின்றது.

அந்த மக்களும் கண்ணை மூடிக்கொண்டு பெத்திஜானை ஏற்கவில்லை. பின்னர் அவரைச் சந்தித்த ஒரு திருமுழுக்குப் பொறுப்பாளர், உரோமையில் உள்ள தலைவரின் பெயர் என்ன, குருக்கள் மணமாகாதவர்களா என்று கேட்டுத் தெளிந்த பிறகே மனம் அமைதியுற்றார். குருவும் தம் பங்குக்கு அவர்கள் திருமுழுக்குக் கொடுக்கும் முறையைச் சோதித்தார். மறைபரப்பாளர் மக்களைச் சோதித்ததும் மக்கள் மறைபரப்பாளரைச் சோதித்ததும் ஒரே காலத்தில் நடந்தன.

இருபதாம் நூற்றாண்டிலிருந்தும் ஒருவரைச் சொல்ல வேண்டும். பாப்புவா நியூ கினியின் பீட்டர் டோ ரோட், ரக்குனாய் என்னும் ஊரில் வேதியராக, அதாவது மறைக்கல்வி கற்பிக்கும் பொதுநிலையினராக, இருந்தவர்; மனைவி மக்களோடு வாழ்ந்த குடும்பத்தலைவர். 1942இல் ஜப்பானியப் படை மறைபரப்பாளர்களைச் சிறைவைத்தபோது பங்கின் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. செபக்கூட்டங்களை நடத்தினார், திருமுழுக்குக் கொடுத்தார், நோயாளரைத் தேடிப் போனார்; பலதார மணத்தைப் படையினர் ஊக்குவித்தபோது எதிர்த்து நின்றார்; 1945இல் சிறையில் கொல்லப்பட்டார். 2025 அக்டோபர் 19 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

செபத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை; குழந்தை இயேசுவின் புனித தெரேசா போதும். 1888இல் பிரான்சின் லிசியே நகரில் கார்மேல் துறவற மடத்துக்குள் போனவர் 1897இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை. ஆயினும் மறைபரப்புக்குச் சென்ற இருவருக்கு ஆன்மிகச் சகோதரியாகக் கடிதம் எழுதி, அவர்களுக்காகத் தம் நோயை ஒப்புக்கொடுத்தார். 1927இல் 11ஆம் பத்திநாதர் அவரைப் புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு இணையாக மறைத்தளங்களின் பாதுகாவலராக்கினார். நோயுற்றுக் கட்டிலில் கிடப்போரிடம் உங்களுக்கு இதில் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாதபடி அந்த அறிவிப்பு அமைந்தது.

இங்கே ஒரு நியாயமான அச்சம் எழும்: எல்லாரும் மறைபரப்பாளர் என்றால் எல்லாரும் ஆள்பிடிக்கக் கிளம்பிவிட மாட்டார்களா? மேற்சொன்ன ஆணைமடலின் 13ஆம் எண், எவரையும் நம்பிக்கையை ஏற்கும்படி வற்புறுத்துவதையும் தகாத முறைகளால் கவர்ந்திழுப்பதையும் கண்டிப்பாகத் தடைசெய்கிறது. நம்பிக்கையை விட்டு விலகும்படி ஒருவரை அச்சுறுத்தக் கூடாது என்ற உரிமையையும் அதே மூச்சில் கேட்கிறது. நடைமுறையில் இந்தத் தடைக்குக் காவலாக இருப்பதும் சமூகமே. தனி ஒருவர் எண்ணிக்கை காட்டுவதற்காகச் செய்யும் தவறு, பலர் கூடி முடிவெடுத்து, பலர் முன்னிலையில் கணக்கு ஒப்புவிக்கும் இடத்தில் நெடுநாள் மறைந்திருக்காது. மேலும், திருமுழுக்கு விரும்புவோரை நீண்டகால ஆயத்தத்துக்கு உட்படுத்தி, அவர்களுடைய நோக்கத்துக்குச் சான்று சொல்லும் ஞானப்பெற்றோரையும் முன்னிறுத்தி, சமூகத்தின் முன் படிப்படியாக ஏற்கும் முறை இருப்பதே அவசரத்துக்கு இடம் தராமல் இருப்பதற்காகத்தான்.

சரி, ஒரு பங்கு இன்று என்ன செய்யலாம்? திருஅவைச் சட்டத் தொகுப்பின் 791ஆம் விதி மறைமாவட்டத்திடம் நான்கைக் கேட்கிறது: மறைபரப்புக்கான அழைத்தல்களை வளர்ப்பது, இதற்கென ஓர் அருள்பணியாளரை நியமிப்பது, ஆண்டுக்கு ஒரு நாள் கொண்டாடுவது, தகுந்த காணிக்கையை உரோமைக்கு அனுப்புவது. பெரும்பாலான இடங்களில் பின்னைய இரண்டும் நடக்கின்றன, முன்னைய இரண்டும் ஏட்டளவில் இருக்கின்றன. ஆட்களை அனுப்புவதற்கும் வழி இருக்கிறது. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957இல் எழுதிய சுற்றுமடலைத் தொடர்ந்து, மறைமாவட்ட அருள்பணியாளர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு வேறொரு மறைமாவட்டத்துக்குக் கொடுத்துதவும் முறை பரவியது. இரு ஆயர்களும் எழுத்து வடிவில் உடன்படிக்கை செய்துகொண்டு, செல்பவரின் உரிமைகளையும் கடமைகளையும் அதில் வரையறுக்க வேண்டும் என்று 271ஆம் விதி சொல்கிறது. அப்படிப் போனவருக்கு ஆண்டுக்கு இரண்டு கடிதம் எழுதுவது, விடுமுறையில் வரும்போது பங்கைக் கூட்டி அவர் சொல்வதைக் கேட்பது, நோயுற்றுத் திரும்பினால் பார்த்துக்கொள்வது ஆகியவை பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவான பங்கு அருள்பணிப் பேரவையின் வேலைப்பட்டியலில் இருக்க வேண்டியவை. அந்தியோக்கியாவும் பிலிப்பியும் செய்தது இதைத்தான்.

வேதியர் பணியை எடுத்துக்கொண்டால், 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதைப் பொதுநிலையினருக்கு உரிய, ஆயரால் சடங்கு முறையில் வழங்கப்படும் நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். அவர்களுக்கான பயிற்சியையும் தகுதிகளையும் வரையறுக்கும் பொறுப்பு ஆயர் பேரவைகளுடையது. ஆனால் சடங்கு மட்டும் நடந்தால் போதாது. முழுநேரம் பணியாற்றும் வேதியருக்கு நியாயமான ஊதியம் வேண்டும் என்று 1965ஆம் ஆண்டின் ஆணைமடலே 17ஆம் எண்ணில் கேட்டுவிட்டது. திருஅவையின் தனிப் பணிக்கெனத் தம்மை ஒப்படைத்த பொதுநிலையினருக்குத் தம்மையும் குடும்பத்தையும் காக்கத்தக்க ஊதியம் பெறும் உரிமை உண்டு என்று 231ஆம் விதியும் சொல்கிறது. எனவே பங்கின் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படும்போது, ஆலய மராமத்துக்கும் திருவிழாவுக்கும் ஒதுக்கிய தொகைகளுக்கு நடுவே வேதியர் ஊதியம், மறைக்கல்விப் பயிற்சி என்ற தலைப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் அதே கூட்டத்தில் கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்கப் பேரவை உறுப்பினராக இருக்க வேண்டிய தேவையும் இல்லை.